பச்சை இலை போட்ட டப்பா

விழுப்புரம் மருத்துவமனையிலிருந்து என் கணவரை அழைத்து வந்த கார், கூட்டேரிப்பட்டு தாண்டி எங்கள் ஊர்ச் சாலையில் திரும்பியதுமே வீடு கண்ணில் பட்டது. வெள்ளையாக இருந்தது. நான் பூட்டிவிட்டுப் போன வீடு செம்மண் நிறம்.

"வேற ஊருக்கு வந்துட்டமா?" என்று சிரித்தார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களுடையது மண்கல் வீடு. எங்கள் நிலத்தில் தோண்டிய மண்ணையே இயந்திரத்தில் அழுத்திச் செய்த கற்கள். சூளையில் சுட்டவை அல்ல. உள்ளேயும் வெளியேயும் சுண்ணாம்புப் பூச்சு, அதுவும் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் செம்மண் சேர்த்துக் குழைத்தது. கதவுகள், இடித்த வீடுகளிலிருந்து வாங்கியவை. தேன்மெழுகு மட்டும் தடவியிருக்கிறோம். இத்தகைய வீடுகளைப் பசுமை வீடு என்று பத்திரிகைகளில் படம் போடுகிறார்கள். நாங்கள் அதற்காகக் கட்டவில்லை. அவருக்கு ஆஸ்துமா. திண்டிவனத்தில் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடித்தால்கூட அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. சுவர் மூச்சு விட்டால்தான் அவரும் மூச்சு விடுவார் என்ற நிலையில் கட்டிய வீடு அது.

கார் நின்றதும் என் கொழுந்தனார் ஓடி வந்தார். என் கணவரின் தம்பி, பக்கத்து வீடு, சாவி அவரிடம்தான் இருந்தது. கையில், வாசலில் மாட்ட வேண்டிய காகித நட்சத்திரம்.

"அண்ணி, அண்ணன இட்டுக்கினு ஜல்தி உள்ள வாங்க. வீடு எப்படிக்கீது பாருங்க!"

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் எல்லா வீட்டுக்கும் வர்ணம் அடிப்பார்கள். அடிக்காத வீடு என்றால் அந்த வருஷம் அங்கே சாவு விழுந்திருக்கிறது என்று பொருள். புது வீட்டில் எங்களுக்கு இதுதான் முதல் கிறிஸ்துமஸ். இந்த வழக்கத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை. கொழுந்தனார் வேறு எதையுமே நினைக்கவில்லை.

"அண்ணன் ஆஸ்பத்திரில கெடக்கறாரு. ஊரே பெயிண்ட்டு அடிச்சிக்கினு கீது. இந்த வீடு மட்டும் எழவு வீடு மாதிரி நின்னா எனக்கு எப்படி இருக்கும் அண்ணி? ஃபாதர் வேற தீர்த்தம் தெளிச்சி வீட்ட மந்திரிக்க வர்றாரு."

"அவருக்குப் பெயிண்ட் ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாமயா? வாசனையே இல்லாததா தேடி வாங்கினேன். இருங்க." உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். "பச்ச எல போட்டுக்கீது பாருங்க. சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு எழுதிக்கீது."

மூடியைத் திறந்து முகர்ந்தேன். உண்மைதான், அதில் வாசனை அநேகமாக இல்லை. ஆனால் வாசலிலிருந்து காட்டமான நெடி வந்துகொண்டிருந்தது. உள்ளே போனேன். கூடத்து மூலையில் இன்னொரு டப்பா இருந்தது. அதில் இலை இல்லை.

"அது ப்ரைமருங்க. மண்ணுச் செவுரு பெயிண்ட்ட உறிஞ்சிக்கினே இருந்துது. அடில இத்தப் போட்டாத்தான் நிக்கும்னு பெயிண்ட்டர் சொன்னாரு."

தின்னர் கலந்த எண்ணெய் ப்ரைமர். மூச்சு விட வேண்டும் என்று கட்டிய சுவர், மூச்சு விட்ட துளை வழியெல்லாம் அதைக் குடித்திருந்தது.

வெளியே இருமல் கேட்டது. அவர் காரை விட்டு இறங்கிக் கேட் வரைதான் வந்திருந்தார். இன்ஹேலரை இழுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்து, "நல்லாத்தான்டா இருக்குது," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

அவரை எங்கே படுக்க வைப்பது? பெயிண்ட் படாத அறை ஒன்றே ஒன்று இருந்தது. அதில் மல்லாட்டை மூட்டைகளை, வேர்க்கடலைதான், அடுக்கியிருந்ததால் பெயிண்ட்டர் விட்டுவிட்டார். அந்தத் தூசியில் எனக்கே தும்மல் வந்தது. கொழுந்தனார் வீடு? அதற்கும் நேற்றுதான் அடித்திருந்தார்கள். அந்தத் தெருவில் நான் யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும் அதே நெடிதான். மாதா கோயிலுக்குப் போனேன், பீடத்துக்குப் பின்னால் சாரத்தில் ஆள் நின்று அடித்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். வெயில் இருக்கும் வரை அது போதும். வெயில் இறங்கினால் பனி. பனியும் அவருக்கு ஆகாது.

வீடு கட்டிக் கொடுத்தவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஊறிப்போயிருந்தா பூச்ச எடுத்துடுங்கம்மா. வேற வழி இல்ல," என்றார்.

வெயில் இறங்குவதற்குள் அவரை மறுபடி விழுப்புரத்துக்கே அனுப்பினேன். காரில் எங்களோடு வந்திருந்த மகள் கூடப் போனாள். கார் கிளம்பும்போது, "அவன திட்டாத," என்றார்.

நான் திட்டவில்லை. சுவர் சுரண்டும் பட்டித் தகடு ஒன்றைக் கொழுந்தனாரிடம் கொடுத்து, ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். படுக்கையறையில் தொடங்கினோம். வெள்ளைத் தோல் உரிந்தபோது பூச்சும் கூடவே பாளம் பாளமாக வந்தது. பூச்சு வேலையாட்களோடு நானும் நின்று தேய்த்த சுவர். எந்த இடத்தில் என் உள்ளங்கை பட்டது என்றுகூட எனக்குத் தெரியும்.

"அண்ணி, நீங்க ஒரு வார்த்த திட்டிடுங்க. இப்படி சும்மா இருக்காதீங்க, பேஜாரா கீது."

"சுரண்டுங்க."

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்கு மணி அடித்தபோதும் சுரண்டிக்கொண்டுதான் இருந்தோம். ஃபாதர் மந்திரிக்க வந்தார். மேளதாளத்தோடு வந்த பிள்ளைகள் கேட்டிலேயே நின்றுவிட்டார்கள். வீடு முழுக்கப் புழுதி, உரிந்த சுவர். எழவு வீடுகூட இப்படி இருக்காது. ஃபாதர் புழுதியைத் தாண்டி உள்ளே வந்து தீர்த்தம் தெளித்தார். தெளித்த துளிகளை மண்கல் அப்படியே உறிஞ்சிக்கொண்டது. "அண்ணி, குடிக்குது!" என்று கத்தினார் கொழுந்தனார்.

நான் அந்த ஈரத்தில் மூக்கை வைத்தேன். முதலில் மண் வாசனை வந்தது. அதற்கு அடியில் தின்னர் இருந்தது.

கைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து அவர். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. "வாசன போச்சா?" என்றார்.

"இல்லைங்க."

கொழுந்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தகடு மறுபடி சுரண்டத் தொடங்கியது. கைபேசியில் என் கணவர் அதைக் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"மெதுவா சுரண்டச் சொல்லு," என்றார், "கல்லாவது மிஞ்சட்டும்."