வெளியாள்

மனநலச் செவிலியர் மேற்படிப்புக்கு நான் விண்ணப்பம் போட்டதற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் அறுவடை தொடங்கினால் எங்களுக்கும் வேலை தொடங்கிவிடும். கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, கொடிக்கம்பத் தகராறு என்று ஏதாவது ஒன்றில் தலை உடைந்தவர்களையும் வெட்டுப்பட்டவர்களையும் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவருவார்கள். முதலில் அழுதேன். பிறகு அழவில்லை. கடைசியில் கை பாட்டுக்குக் கட்டுப் போடும், நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று நினைத்துக்கொண்டிருப்பேன். மனநோய் வார்டில் ரத்தம் இருக்காது என்று யாரோ சொன்னார்கள். அது போதும் என்று கிளம்பிவிட்டேன்.

படிப்பில் எங்களை வாட்டி எடுத்தது ஒரு நோட்டு. ஆளுக்கு ஒரு நோயாளியைக் கொடுத்து, தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசச் சொல்வார்கள். பேசியதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். பக்கத்தில் இரண்டு கோடு போட்டு, முதல் பத்தியில் நோயாளி சொன்னது, ஓர் எழுத்து மாறாமல். இரண்டாவதில் நாம் சொன்னது. மூன்றாவதில் நமக்குள் என்ன தோன்றியது என்பது. மூன்றாவது பத்தியில் நான் 'ஒன்றுமில்லை' என்றே எழுதிவந்தேன். எங்கள் ஆசிரியை மலையாளத்து அம்மாள், கறாரானவர். அந்த 'ஒன்றுமில்லை'யைச் சுற்றித் தினமும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவார். நான் மறுநாளும் அதையே எழுதுவேன். பிடிவாதம் இல்லை, உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. நம்முடைய ஊர், குடும்பம், வீட்டு விவகாரம் எதையும் நோயாளியிடம் சொல்லக் கூடாது. படிப்பிலேயே எனக்குப் பிடித்த விதி அதுதான்.

எனக்குக் கொடுத்த நோயாளி ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். கேஸ் ஷீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நன்னிலத்துக்குப் பக்கத்தில், எங்கள் அப்பாவின் வயலை ஒட்டிய தெரு. நான் அந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. பதினேழு வயதில் விடுதிக்கு வந்துவிட்டவள். அவருக்கு என்னை அடையாளம் தெரியாது என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

தை அறுப்பின்போது அவர் பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், ரோட்டோரம் நின்றுகொண்டு போகிற லாரி மீதெல்லாம் மண்ணாங்கட்டி எறிந்திருக்கிறார். கும்பகோணம் பஸ்ஸின் கண்ணாடி உடைந்த பிறகுதான் புருஷன் அழைத்துவந்து சேர்த்தார். வார்டில் மூன்றே வாரத்தில் தேறிவிட்டார். நன்றாகத் தூங்கினார், தலைவாரிக்கொண்டார், எழுந்திருக்க முடியாதவர்களுக்குச் சோறு ஊட்டினார். மகள் முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். "பங்குனிக் கடைசியில நாளு குறிச்சிருக்காங்க நர்ஸம்மா. அதுக்குள்ள என்னெ உட்டுடுவாங்கல்ல?" என்று தினமும் கேட்பார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் ஒரு பேச்சு மட்டும் அவரை விடவில்லை. "வெளியாளு எறங்கிட்டாங்க. இனிமே எங்க சனத்துக்கு அங்க என்ன இருக்கு?" என்பார். கத்த மாட்டார். சாதாரணமாக, துணியை மடித்துக்கொண்டே சொல்வார்.

வார்டு டாக்டர் கோயம்புத்தூர்க்காரர். அதை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, 'இனந்தெரியாத ஆட்கள் ஊருக்குள் இறங்கியிருப்பதாகச் சந்தேகம்' என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். உள்ளூர்க்காரர்கள் கூலி கூட்டிக் கேட்டு, கொடுக்காவிட்டால் அறுக்க மாட்டோம் என்று நின்றால், மிராசுதார் வேறு தாலுகாவிலிருந்து லாரியில் ஆள் ஏற்றிவந்து வயலில் இறக்குவார். அவர்களுக்குப் பெயர்தான் வெளியாள். அவர்கள் இறங்கிவிட்டால் உள்ளூர்க்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வார்டு ஆயாக்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களை யார் கேட்டார்கள்?

எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அந்தத் தை அறுப்புக்கு வெளியாளை இறக்கியது எங்கள் அப்பா. கரை வேட்டி கட்டிக்கொண்டு கட்சி மேடையில் ஏழைகளுக்காகத் தொண்டை கட்டப் பேசுகிற அதே அப்பாதான். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலத்தைப் பிள்ளைகள் பெயரில் பிரித்து எழுதினார். ரோட்டோர வயல் என் பெயருக்கு வந்தது. அதற்கு எத்தனை மடை என்றுகூட எனக்குத் தெரியாது; ஆனால் பட்டாவில் நான்தான். நெல் சேதாரமில்லாமல் வீடு வந்து சேர வேண்டும் என்று அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். நெல்லும் வந்து சேர்ந்தது.

ஒருநாள் ஆசிரியை என் நோட்டில் அந்த வரியின் மீது பேனாவை வைத்துக் கேட்டார்: "யாரு இந்த வெளியாளு?"

"தெரியாதவங்க, மேடம்" என்றேன்.

அவர் டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். நான் சொன்னதைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அகராதியைத் திறந்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வெட்கமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது.

ஆறாவது வாரம் என் நோயாளியைப் பற்றி எல்லோரும் கூடி முடிவெடுக்கும் நாள் வந்தது. ஒன்று வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி மெட்ராஸில் இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு. அங்கே போனவர்கள் திரும்பியதை நான் அதிகம் பார்த்ததில்லை. அவரை நடுவில் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். நோட்டுடன் நான் பக்கத்தில் நின்றேன்.

பெரிய டாக்டர் நல்லவிதமாகத்தான் கேட்டார். "வெளியாள் எறங்கிட்டாங்கன்னு சொல்றியாமே. யாரும்மா எறக்கினது? எந்த வயல்ல?"

அவர் வாயைத் திறக்கப் போனார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் இரண்டு முறை, மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. 'கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கிறார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், அந்தப் பேச்சு இன்னும் இருக்கா?"

"இருக்கு சார். நேத்திக்கும் சொன்னாங்க."

அதுவும் உண்மைதான். என் நோட்டு மிகச் சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது என்று டாக்டர் பாராட்டினார். மெட்ராஸ் என்று முடிவாயிற்று. விஷயத்தைக் கேட்டபோது என் நோயாளி அழவில்லை. "பங்குனி முடிஞ்சிடுமே" என்று மட்டும் சொன்னார்.

உத்தரவு வர நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலையில் ஜீப் வந்தது, ஒரு பெண் போலீஸுடன். கையெழுத்து போட்டு ஒப்படைக்க வேண்டியது நான். வாசல்வரை கூடவே போனேன். அவருடைய துணிமூட்டையை ஜீப்பில் வைத்தேன். போலீஸ்காரம்மா காகிதம் வாங்க உள்ளே போயிருந்தார். அப்போதுதான் அவர் என் கையைத் தொட்டார்.

"நீங்க ஐயா வூட்டுப் பொண்ணுன்னு மொத நாளே தெரியும்மா. மூக்கு அப்புடியே ஐயா மூக்கு."

நான் துணிமூட்டையை இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

"அத்தினி டாக்டருங்க முன்னாடி யாரு எறக்குனாங்கன்னு கேக்குறாரு. ஒங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு நா எப்புடிம்மா சொல்லுவேன்? படிக்கிற புள்ள. ஒங்களுக்கில்ல தலகுனிவு?" என்றார். பிறகு, "எம் பொண்ணுக்கு மட்டும் ஒரு சேதி சொல்லி அனுப்பிடுங்க" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நேரம் இருந்தது. ஜீப் டிரைவர் அப்போதுதான் டீ வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தார். பெரிய டாக்டர் முதல் அறையில், இருபது அடி தூரத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் நின்று நிதானமாகக் குடித்துவிட்டு, கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்வரை நான் அந்த வாசலிலேயே நின்றேன்.