'ம்' அக்கா

குடிநீர்ப் புகார் அலுவலகத்தில் அவளுக்கு 'ம் அக்கா' என்று பெயர். குழாயில் தண்ணீர் வராதவர்கள் போனில் திட்டுவதைக் கேட்பதுதான் வேலை. திட்டுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு 'ம்' போட்டாக வேண்டும். தவறினால், "லைன்ல இருக்கியா, போய்ச் சேந்துட்டியா?" என்று கேட்பார்கள். அவள் 'ம்'முக்கு அடங்காத ஆள் கிடையாது. "அக்கா மாதிரி பொறுமையா கேக்க யாரு இருக்கா?" என்று அதிகாரியே மெச்சிக்கொள்வார். பாவம், அவள் கேட்பதை விட்டு வெகுநாளாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. காது பாட்டுக்குக் காது, 'ம்' பாட்டுக்கு 'ம்'.

நேற்று மாலை, நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்த மகள் அடுப்படியில் பக்கத்தில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே இவள் 'ம்' போட்டாள். திடீரென்று மகள் கட்டிக்கொண்டு அழுதாள்.

"திட்டுவேன்னு பயந்தேம்மா. இப்பதான் உசிரே வந்துச்சு. அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

எதைச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயை மூடிக்கொண்டாள்.

இன்று பூராவும் நாற்காலியில் முள். மாமியார் சண்டையா, வேலையை விட்டுவிட்டாளா, முழுகாமல் இருக்கிறாளா? போன் போட்டு, "அந்த விஷயம் என்னடி ஆச்சு?" என்று நைசாகத் தூண்டில் போட்டுப் பார்த்தாள். "அதான் நேத்தே எல்லாம் சொல்லிட்டேனே" என்று மகள் வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளையிடம் 'நான் கேட்கவில்லை' என்று எந்த வாயால் சொல்வது? அவமானம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்தால், நாலு நாள் முடிந்ததென்று புருஷன் மகளின் பையோடு வாசலில் தயாராக நிற்கிறார்.

"கிளம்பும்மா. மாப்பிள்ளை காத்துக்கிட்டிருப்பாரு."

மகள் அம்மாவையே பார்த்தாள். இனி ஒளிய இடமில்லை. இவள் மகளின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"அம்மாவை மன்னிச்சுடுடி. நேத்து நீ சொன்னது எதுவும் என் மனசுல ஏறல. சும்மா 'ம்' போட்டுட்டேன்."

மகள் முகம் வெளிறிவிட்டது.

"அவர் அறைஞ்சாருன்னு சொன்னேனேம்மா. அதுக்குமா?"

இவள் மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ இருக்கேங்கிற தைரியத்துலதான், இனி வரமாட்டேன்னு அவர்கிட்ட காலைலயே சொல்லிட்டேன்."

"அங்க என்ன குசுகுசு? பஸ் போயிடும்!" என்று வாசலிலிருந்து அதட்டல் வந்தது.

இவள் நேரே போய் அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவ போகல."

"என்ன உளர்றே? ஏன் போகல?"

"எனக்கும் முழுசாத் தெரியாது. உக்காருங்க. அவ சொல்லட்டும், ரெண்டு பேரும் கேப்போம்."