நாலு மணிச் சடுகுடு

சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த கித்தா என்னும் ரப்பர்த் தோட்டங்களில் அப்பாவுவின் சிரிப்பைக் கேட்காத காது குறைவு. தொழிலாளர் வீட்டு வரிசையில் மூன்றாவது லயத்தில் அவன் சிரித்தால் முதல் லயத்தில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டு வேலையில் கெட்டிக்காரன். கங்காணியே குறை சொல்ல மாட்டார். அவனுக்கு ஆகாத ஒன்று சாயங்காலம் நாலு மணி. தோட்டத்துக் கள்ளுக்கடை திறக்கிற நேரம் அது. கடை திறக்கும்போது வாசலில் நிற்பான். கடை சாத்தும்போது அவனை யாராவது பிடித்து நிற்க வைக்க வேண்டியிருக்கும்.

பெருவெள்ளம் வந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறுக்கு முந்தின ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனவன் அங்கேயே கள்ளைக் குடித்துவிட்டு, தலை சுற்றியதால் நின்றிருந்த ஒரு லாரியில் ஏறி வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டான். குளுகுளுவென்று இருந்தது. கண் விழித்தபோது லாரி வேறு ஒரு கடைத்தெருவில் நின்றது. இறங்கி, புட்டு விற்றுக்கொண்டிருந்த ராக்காயி என்ற பெண்ணிடம் போனான்.

"இது எந்த ஊரு தங்கச்சி?"

"தஞ்சோங் ரம்புத்தான் அண்ணே."

"இங்க நான் எப்படி வந்தேன்?"

பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. ராக்காயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கலைந்த தலை, முதுகில் ஒட்டிய இலை நார், ஒற்றைக் காலில் செருப்பு. அவள் குரல் குழைந்துவிட்டது.

"பயப்படாதீங்க அண்ணே. வெளிய வந்து வழி தெரியலையாக்கும்? முதல்ல சாப்பிடுங்க. நானே கூட்டிட்டுப் போய் உள்ள விடுறேன்."

"ஐயோ, நான் ஆஸ்பத்திரி ஆளு இல்லம்மா! எனக்கு ஒண்ணும் இல்ல!"

"இல்லண்ணே, இல்லவே இல்ல. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டா?"

அவன் எத்தனை சத்தமாக மறுத்தானோ அத்தனை பரிவாக அவள் தலையாட்டினாள். கடைசியில் தோட்டத்தின் பேர், கங்காணியின் பேர், பெண்டாட்டியின் பேர் எல்லாம் ஒப்பித்து, கள்ளு குடித்த கதையையும் சொன்ன பிறகுதான் நம்பினாள். நம்பியதும் அவள் முகத்திலிருந்த பரிவு போய்விட்டது. "ச்சே, குடிகாரனா?" என்று சர்க்கரை டப்பாவை மூடினாள். அந்தச் சத்தம் அப்பாவுவுக்கு ஊர் திரும்பும் வழியெல்லாம் காதில் இருந்தது.

கதை அவனுக்கு முன்பே தோட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. பெண்டாட்டி கருப்பம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வந்துட்டீங்களா? அங்க சேத்துக்கலையா?"

லயமே சிரித்தது. அப்பாவு மட்டும் சிரிக்கவில்லை. "இந்தா புள்ள, இனிமே கள்ளைத் தொட மாட்டேன்" என்றான்.

"சரி. கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

அவள் நம்பவில்லை என்பது அந்தச் 'சரி'யிலேயே தெரிந்தது.

மறுநாள் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டாயிற்று. நாலு மணி வந்தது. கால் தானாக எழுந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், எதிர்த்திசையில் நடந்தான். தோட்டத்து முச்சந்தியில் ஜைனுலாப்தீனின் மளிகைக் கடை இருந்தது. பின்கட்டில் மணல் முற்றமும் ஒரு பலா மரமும்.

"பாய், கடை சாத்துற வரைக்கும் நான் இங்க உக்காந்துக்கறேன்."

"எந்தக் கடை?"

"உங்க கடை இல்ல."

ஜைனுலாப்தீன் புரிந்துகொண்டு ஒரு சுக்குக் கோப்பியை நீட்டினார். அப்பாவு வாங்கும்போதே பாதி கோப்பி மண்ணுக்குப் போயிற்று. அவர் இன்னொன்று ஊற்றினார்.

சில நாளில் ராமையா வந்து சேர்ந்தான். அவனும் வெட்டுக்காரன், மாமியார் ஊரிலிருந்து கப்பலேறி வருகிறாள் என்று பயந்து குடியை விட்டவன். இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். ஆனால் கள்ளு குடிக்காத ஆம்பிளைகள் சும்மா உட்கார்ந்திருப்பது சுலபமாக இல்லை. எரிச்சலில் ஆளுக்கு ஆள் முறைத்தார்கள். ஒரு நாள் ராமையா, "நீ விடுற மூச்சுகூட எனக்குப் பிடிக்கல" என்று அப்பாவுவின் சட்டையைப் பிடித்தான். ஜைனுலாப்தீன் கையில் கிடைத்த குடைக் கம்பியால் மணலில் ஒரு கோடு கிழித்தார்.

"அடிச்சுக்கிறதுன்னா கோடு போட்டு அடிச்சுக்குங்க லா. அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் நாலு. மூச்சு விடாம சடுகுடு பாடணும்."

ஆள் குறைந்ததால் அவரே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

சின்ன வயதில் ஆடியது. இப்போது தொந்தியும் கீல்வாதமுமாக ஆடினார்கள். அப்பாவு 'சடுகு' என்பதற்குள் மூச்சு முட்டி நின்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். லயத்துப் பிள்ளைகள் விழித்துக்கொண்டன. அன்று கள்ளுக்கடை சாத்திய நேரம் யாருக்கும் தெரியவில்லை.

பொங்கல் நெருங்குவதற்குள் அப்பாவு எதிர்க்கோடு வரை போய்த் தொட்டுத் திரும்பும் அளவுக்கு மூச்சுப் பிடித்தான். கருப்பம்மாள் மண் படிந்த வேட்டியைத் துவைத்துப் போட்டாள். ஏன் மண் என்று கேட்கவில்லை. ஆனால் துவைக்கும்போது முணுமுணுவென்று பாட்டு வந்தது.

கள்ளுக்கடையில் குடிக்கிறவர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களில் மலை மாதிரி இருப்பவன் பழனியப்பன். "கோப்பி குடிச்சா பலம் வருமா? பொங்கலன்னிக்குக் கோயில் திடல்ல பாத்துக்கலாம் மச்சான்" என்று ஆள் அனுப்பினான்.

தோட்டமே திரண்டது. அப்பாவு நன்றாகத்தான் ஆடினான். ஆனால் பழனியப்பன், தன்னைப் பிடித்த மூன்று பேரையும் வேட்டித் தலைப்பு மாதிரி இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டிவிட்டான். கோப்பிக்காரர்கள் தோற்றார்கள். திடலே கைகொட்டியது. கூட்டத்தில் யாரோ, "லாரி வருது, ஏறிக்க அப்பாவு!" என்று கத்தினான்.

அது குத்திவிட்டது. அப்பாவு யாரிடமும் சொல்லாமல் நழுவி, நேராகக் கள்ளுக்கடைக்குப் போனான்.

மறுநாள் நாலு மணிக்கு அவன் லயத்து அறையில் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு கிடந்தான். வாசலில் கருப்பம்மாள் வந்து நின்றாள். ஏச்சுக்காகக் காத்திருந்தான்.

"பாய் கடைப் பின்னால ஒருத்தர் வந்து உங்களைக் கேக்குறாராம்."

"யாரு?"

"பழனியப்பண்ணன். நேத்து ஜெயிச்சதும் மூச்சு அடைச்சு, கோயில் பின்னால ஒரு நாழி படுத்தே கெடந்தாராம். இத்தனை நாள் உடம்புல பலந்தான் இருந்திச்சு, மூச்சு இல்லன்னு தெரிஞ்சுபோச்சாம். அவரையும் சேத்துக்கணுமாம். தலைவரு எங்கன்னாராம். ராமையா, 'தலைவரு நேத்து உங்க இடத்துக்குப் போயிட்டாரு'ன்னு சொன்னாராம்."

போர்வைக்குள்ளே அப்பாவுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமும் வந்தது. "நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன் கருப்பம்மா?"

"முந்தி தினமும் குடிச்சீங்க. இப்ப ஒரு நாளு குடிச்சீங்க. எனக்கு வித்தியாசம் தெரியுது. எந்திரிங்க."

அவள் போர்வையை உருவி மடித்து வைத்தாள். துவைத்த வேட்டி கொடியில் காய்ந்து தயாராக இருந்தது.

அப்பாவு முற்றத்துக்குள் நுழைந்தான். ராமையா, "தவறிட்டு வர்றவன்தான் முதல் பாட்டுப் பாடணும். இன்னியிலேருந்து அதான் சட்டம்" என்றான். அந்தச் சட்டம் நிலைத்துவிட்டது. அதன்படி முதல் பாட்டுப் பாடாதவர் அந்தக் கூட்டத்தில் ஜைனுலாப்தீன் ஒருவர்தான். சிலர் ஒரேயடியாகக் கள்ளுக்கே திரும்பிப் போனார்கள். சிலர் போய்ப் போய் வந்தார்கள். பழனியப்பன் நாலு தடவை பாடினான். அப்பாவு அதற்குப் பிறகு ஒரு தடவை, தம்பி இறந்த சேதி ஊரிலிருந்து வந்த வாரத்தில். அன்று எல்லாரும் அவனோடு சேர்ந்து பாடினார்கள். மூச்சு விட்டுப் பாடினாலும் யாரும் தப்பு சொல்லவில்லை.

வெள்ளம் வடிந்து, அடுத்த பொங்கலும் போன பிறகு, ஈப்போ நகரத்துப் புந்தோங் பகுதி ஆட்கள் ஆட்டத்துக்கு அழைத்தார்கள். பெண்களும் கிளம்பினார்கள். திடலில் கருப்பம்மாள் கோட்டருகே போய் நின்று, "காலைப் பிடிங்க, காலை!" என்று போட்ட கூச்சலில் எதிர்க் கட்சிக்காரன் பாட்டை மறந்து நின்றுவிட்டான். அப்பாவு அவன் காலைப் பிடித்தான். அப்படியும் இரண்டு புள்ளியில் தோற்றார்கள்.

திரும்பும் ரயிலில் கருப்பம்மாளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அப்பாவுவின் முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றதும் அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கச்சாங் கடலை விற்கிறவனை ஒரு குரல் கூப்பிட்டான். அடுத்த பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"மெதுவா" என்றாள் கருப்பம்மாள், சத்தமே வராத குரலில், மடியில் கடலையை வாங்கிக்கொண்டு. "புந்தோங் ஆளுங்களுக்கு இடது கால்ல பலம் இல்ல. அடுத்த தடவை இடது பக்கமா போங்க."