இரும்பு மனசுக்காரர்

லிஃப்ட் மெக்கானிக் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம் அது. கிரிப்டோ காயின் விலை கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்த நாட்களில் சூட்டிக்கொண்டது. ஏறும்போது யாருக்குத்தான் மனசு இரும்பாக இருக்காது? எட்டாவது மாடிக்குப் போகக் காத்திருப்பவர்களைப் பிடித்துவைத்து, "விழும்போது விக்கிறவங்க கோழைங்க. கட்டுப்பாடு வேணும்" என்று பாடம் நடத்துவார். லிஃப்ட் ஓடினால் போதும் என்று அவர்களும் தலையாட்டுவார்கள்.

அந்த வீராப்பில்தான், காயின் வாங்கிப் போட்டிருந்த கணக்கின் பாஸ்வேர்டைத் தனக்குத் தெரியாமல் மாற்றி வைக்கும்படி மனைவியிடம் சொன்னார். "நான் கெஞ்சினாலும், காலில் விழுந்தாலும் சொல்லக் கூடாது" என்று சர்வீஸ் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் மருந்துக்கடை ஊழியர். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு அழுகிறவர்களைப் பதினோரு வருஷமாகத் திருப்பி அனுப்பியவள். ஒரே நிபந்தனை போட்டாள். அதில் கிடப்பது மகளின் நர்சிங் படிப்புக்கான பணம்; கட்டணம் கட்டும் நாளில் அந்தத் தொகையை எடுத்துவிடுவாள்.

"அதுக்குள்ள பத்து மடங்கு ஆயிடும்" என்றார் மெக்கானிக்.

ஒரே வாரத்தில் பாதியாயிற்று. இரும்பு மனசுக்காரர் காலையில் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் வித்துடலாம்டி. இன்னும் விழும்னு சொல்றாங்க."

அவள் ரசீதை எடுத்து வாசித்துக் காட்டினாள்.

"அது அப்ப எழுதினது!"

"கையெழுத்து உங்களதுதானே? நகருங்க, பஸ் போயிடும்."

பிறகு கெஞ்சல், கோபம், சாப்பாட்டின்மேல் காட்டிய முறைப்பு எல்லாம் வரிசையாக நடந்தன. பாஸ்வேர்டை ஊகிக்கவும் பார்த்தார். கல்யாண நாளைப் போட்டார். அதிலும் வருஷம் தப்பு. கணக்கு ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொண்டது. வேலை நேரத்தில் பிரேக்கைப் பார்க்காமல் போனைப் பார்த்ததில், இரண்டு பேர் நாற்பது நிமிஷம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். வெளியே வந்தவர்களிடம், "விலை பாதியாயிடுச்சு, நான் கை வெச்சேனா?" என்றாராம் இந்த மகானுபாவர்.

அவளுக்கும் பயம் இருக்கத்தான் செய்தது. இன்னும் கொஞ்சம் விழுந்தால் கட்டணத்துக்கே எட்டாது. எந்த விலை வரைக்கும் பொறுப்பது என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அதைக் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதாகத் தினம் நாலு தடவை வந்து நிற்பார். விலை அந்தக் கோட்டுக்கு மேலேயே தத்தளித்தது.

இரண்டு மாதம் கழித்துக் கட்டணத் தேதி வந்தது. முந்தின நாள்தான் விலை லேசாக ஏறத் தொடங்கியிருந்தது.

"போனைக் குடுங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"இப்பவா? இப்பத்தாண்டி ஏறுது! கொஞ்சமாவது கட்டுப்பாடு இருக்கா உனக்கு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் மனைவிக்கு அந்த மனிதர்மேல் அருவருப்பே வந்துவிட்டது.

"அன்னைக்கு விழுதுன்னு விக்கச் சொன்னீங்க. இன்னைக்கு ஏறுதுன்னு விக்காதேங்கிறீங்க. நீங்க விலையைப் பாத்துட்டே இருங்க. எனக்குத் தேதி இருக்கு."

கட்டணத்துக்கு வேண்டியதை மட்டும் விற்றாள். இருந்த காயினில் முக்கால்வாசி அதற்கே போய்விட்டது. மிச்சத்தை அவள் தொடவில்லை. பணம் வந்து சேர்ந்ததும் சாயங்காலத்துக்குள் கட்டணத்தைக் கட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் மெக்கானிக்கின் சூப்பர்வைசர் சர்க்கரை மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எல்லாம் சொன்னாருங்க. அவ்வளவு விழுந்தும் அசையாம இருந்து, பொண்ணு படிப்புக்குத் தேதி பாத்து எடுத்தாராமே! அந்த நிதானம் யாருக்கு வரும்?"

அவள் மாத்திரை அட்டைகளை எண்ணி உறையில் போட்டாள்.

"யாருக்கும் வர வேணாங்க" என்றாள். "வீட்டுல இருக்கிறவங்க தாங்க மாட்டாங்க."