"கேளு" என்று ஒரு பொத்தான்

காலையில் சலவைக்கூடத்தின் கதவைத் திறந்ததும் இஸ்திரியக்கா விளக்கைப் போடமாட்டார். இருட்டிலேயே கைகூப்பி நின்று, "ஆண்டவனே, இன்னிக்கு யார் கையும் சுடாம பொழுது போகணும்" என்று வேண்டிக்கொள்வார். அதற்கப்புறம்தான் சுவிட்சில் கை வைப்பார்.

பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்கு வந்தவர். இப்போது ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதித் துண்டு, மாப்பிள்ளைச் சட்டை என்று ஊராருடைய அழுக்கையெல்லாம் பார்த்தவர். யாரைப் பற்றியும் வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதிர்ந்து பேசத் தெரியாது. ஆனால் உட்கார்ந்துவிட்டால் அவரை எழுப்புவது கஷ்டம்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒருநாள் உட்கார்ந்தார். முதலாளி கூடத்தை இழுத்து மூடிவிட்டுப் பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார். மிஷின்களைப் பழைய இரும்புக்கு எடுக்க ஆள் வந்தது. இஸ்திரியக்கா பெரிய துவைக்கும் மிஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு மிஷினை ஒட்டி உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நாயாய் அலைந்து, கடைசியில் கூடத்தை அங்கே வேலைசெய்த ஒன்பது பேர் பெயரிலும் எழுதி வாங்கினார்கள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம் துணி பிரிக்கிற மேஜையைச் சுற்றி ஒன்பது பேரும் உட்கார வேண்டும். எல்லாரும் பேசி முடிக்காமல் எதுவும் முடிவாகாது. இதைக் கண்டாலே எரிச்சல்படுகிறவர் மந்திரி. அவர் இஸ்திரியக்காவின் கொழுந்தன், வேன் ஓட்டுகிறவர், ஒன்பது பேரில் ஒருவர். வீட்டில் கம்ப்யூட்டரில் ஊர் கட்டி ஆளுகிற விளையாட்டே கதியாகக் கிடப்பதால் அந்தப் பெயர்.

"சோப்புத் தூள் மாத்தறதுக்கு மூணு வெள்ளிக்கிழமை! என் விளையாட்டுல அதுக்குள்ள ஒரு ராஜ்ஜியமே எழும்பிடும், அண்ணி."

"எழும்பும் தம்பி. அங்க யாருக்கும் சொறி வராது. இங்க பழைய தூளால கையெல்லாம் வந்துதே!"

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெரிய சலவைக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கூடத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். ஒரு மேலாளரைப் போடுவார்களாம். தேவைப்படுகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்வார்களாம். ஒன்பதில் ஐந்து கை உயர்ந்தால் கூடம் கைமாறிவிடும். அந்த வெள்ளிக்கிழமை, உலர்த்தும் மிஷின் மணியடித்ததும் கை தூக்குவது என்று முடிவானது. மணியடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மந்திரி தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"நான் சொன்னா நம்பமாட்டீங்க. இது சொல்லட்டும்."

விளையாட்டின் ஆரம்பத்தில் மூன்று கொடிகள். ராஜா, சந்தை, பொதுவுடைமை. மந்திரி மூன்றாவதை அமுக்கினார். அவ்வளவுதான், வானம் சாம்பலாகிப் போனது. பாட்டு நின்று முரசு ஒலித்தது. தெருவில் போன அத்தனை பேர் சட்டையும் ஒரே நிறமானது.

"ஐயோ, சாயம் போயிடுச்சே! எவடி இதைத் துவைச்சது?" என்றார் பெரிய மிஷின். துவைக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர். குரலும் அந்த மிஷின் மாதிரியேதான் இருக்கும்.

"ஒரே கலர்னா நமக்குப் பிரிக்கிற வேலை மிச்சம்" என்றாள் துணி மடிக்கிறவள்.

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. விளையாட்டில் பத்தாவது வருடம் ரொட்டிக்கு வரிசை நின்றது. பன்னிரண்டாவது வருடம் ஊரே காலி. மந்திரி மறுபடி ஆடிக் காட்டினார். மறுபடியும் அதே கதி.

"பாத்தீங்களா? பொதுன்னா இதான் முடிவு. கம்ப்யூட்டர் கணக்கு, பொய் சொல்லாது."

 நேற்றுவரை அக்கா பக்கம் இருந்த மூன்று பேர் தங்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரியக்கா மனசுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அதை இப்படிக் குடு தம்பி. நான் ஆடறேன்."

"மெதுவா, அண்ணி! அது மவுஸ், இஸ்திரிப் பெட்டி இல்ல. இப்படி அழுத்தினா செத்துடும்."

அவரும் மூன்றாவது கொடியையே அமுக்கினார். திரையோரத்துப் பொத்தான்களை மந்திரி படித்துக் காட்டினார். கட்டு, இடி, அனுப்பு, அடக்கு.

"கேளு எங்க?"

"என்ன கேளு?"

"ரொட்டி ஏன் குறையுதுன்னு ரொட்டி சுடறவங்களைக் கேக்கணும்ல. அதுக்கு எதை அமுக்கறது?"

"அதுங்க பொம்மை, அண்ணி. அதுங்களை யாரு கேப்பா?"

அப்போது திரையில் கோயில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அக்கா திடுக்கிட்டார்.

"நான் மூடலையே!"

"தானா மூடும். இந்தக் கொடின்னா சாமி கிடையாது."

"பதினாலு வருஷமா கும்பிட்டுட்டுத்தான் சுவிட்சு போடறேன். சாமியே இல்லைங்கிற பெரிய மிஷினும் என் பக்கத்துலதான் நிக்கறா. நாங்க எந்தக் கொடி தம்பி?"

மந்திரி சற்றுக் குரலைத் தணித்து, "விளையாட்டை விடுங்க. பொதுன்னு ஆண்ட நாட்டுல நிஜமாவே நடந்திருக்கு, அண்ணி. பசியில செத்திருக்காங்க" என்றார்.

"நடந்திருக்கு. அந்தப் பாவத்தை நான் மூடி மறைக்கலை." அக்கா மவுசைத் தூக்கிக் காட்டினார். "ஆனா இது எத்தனை பேர் கையில இருக்கு?"

"ஒருத்தர் கையிலதான்."

"ராஜா கொடிக்கும் ஒருத்தர். சந்தைக்கும் ஒருத்தர். பொதுவுக்கும் ஒருத்தர்தானா? அப்போ மூணுமே ராஜா கொடிதான் தம்பி. சட்டைதான் வேற."

திரையில் சாம்பல் சட்டைக்காரர்கள் ரொட்டி கேட்டுச் சதுக்கத்தில் கூடிவிட்டார்கள். அடக்கு என்ற பொத்தான் சிவப்பாக மின்னியது.

"அமுக்குங்க, அண்ணி! இல்லேன்னா போச்சு!"

இஸ்திரியக்கா மவுசை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கூட்டம் பெருகியது. திரை கறுத்தது. 'உங்கள் ஆட்சி முடிந்தது' என்று மந்திரி படித்தார்.

"முடியட்டும். ஆட்சியே வேணாம்னுதானே நானும் சொல்றேன்."

பெரிய மிஷின் மேஜையைத் தட்டிச் சிரித்தார். உலர்த்தும் மிஷின் மணியடித்தது.

கூடத்தைக் கொடுத்துவிடலாம் என்கிறவர்கள் கை தூக்கினார்கள். மந்திரியின் கைதான் முதலில் உயர்ந்தது. அப்புறம் ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. ஆக நான்கு. அந்த நேரம் பார்த்துப் பெரிய மிஷினின் கையும் மேலே போனது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கை போய்த் தலையைச் சொறிந்தது.

"அரிக்குதுடி. எண்ணித் தொலைச்சிடாதீங்க!"

நான்கோடு நின்றது. கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதினார்கள். வேண்டாம் என்று எழுத ஒரு வரி போதும். ஆனால் ஒன்பது கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் மந்திரியும் போட்டார்.

சாயங்காலம் வேனில் மூட்டை ஏற்றும்போது அவருக்கு மனசு ஆறவில்லை. இஸ்திரி மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"நாளைக்கு நிஜமாவே தோத்துட்டா, அண்ணி?"

"தோத்தா ஒன்பது பேரும் பேசித்தான் தோப்போம். உன்னையும் கேட்டுட்டு."

"விளையாட்டுல அந்த அடக்குப் பொத்தானை மட்டும் அமுக்கியிருந்தா இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டியிருக்கலாம்."

அக்கா ஒரு சட்டைக் கையை நீவி விரித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டினார். ஆவி மேலே எழுந்தது.

"யாரை அடக்கச் சொல்றே தம்பி? ரொட்டி கேட்டவங்களையா?"