அவரை வெளியே நிறுத்தியவர்கள்

நானும் என் வீட்டுக்காரரும் பதினெட்டு வருஷம் ஒரே முதலாளிக்கு நெய்தோம். ஆரணியில் அவருக்கு மூன்று மாடிப் பட்டுக்கடை. நெய்ததைக் கொண்டுபோனால் சேலையைப் பார்ப்பாரே தவிர எங்களைப் பார்க்கமாட்டார்.

அவர் மகள் கல்யாணத்தில்தான் எல்லாம் மாறியது. பந்தியில் அவர் சாப்பிட்ட இலையை எடுக்க வந்த ஆள், அதற்கு முந்தின வருஷம்வரை அவரிடம் நெய்தவர். விசைத்தறிச் சேலை மலிவாகக் கிடைக்கிறதென்று முதலாளிதான் அவருக்கு வேலையை நிறுத்தியிருந்தார். “எடுக்கட்டுங்களா?” என்று கேட்டாராம் அவர். முதலாளி எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

பத்து நாள் கழித்துக் கடை வாசலில் சேலைகளைக் குவித்தார். தெருவே கூடியது.

“இதெல்லாம் மெஷின்ல ஓட்டினது. கைத்தறின்னு பொய் சொல்லி வித்துகினு இருந்தேன். நான் மட்டும் இல்ல, இங்க கடை வச்சிருக்கிற எல்லாரும்தான்.”

மற்ற வியாபாரிகள் பைத்தியம் என்றார்கள். தம்பிகள் கடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவரோ தெருத்தெருவாக நடந்து எங்களைச் சங்கமாகச் சேர்த்தார். முதலாளி என்று கூப்பிடக்கூடாது, அண்ணா என்றே கூப்பிட வேண்டும் என்றார். போலி நிற்கும்வரை, கூலி ஏறும்வரை தறியில் உட்காராதீர்கள் என்றார். உட்காரவில்லை. மறியலில் முதல் ஆளாகப் படுத்தவர் அவர். போலீஸின் முதல் அடியும் அவருக்குத்தான். அப்புறம் அந்த முழங்கால் மடங்கவே இல்லை. ஜெயிலிலிருந்து வந்த அன்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினோம்.

இரண்டு மாதத்தில் வீட்டில் அரிசி தீர்ந்தது. அப்போது வியாபாரிகள் ஆள் அனுப்பினார்கள். கூலி ஏற்றுகிறோம், ஆனால் அந்த மனுஷன் பேச்சுக்கு வரக்கூடாது, சங்கத்திலும் இருக்கக்கூடாது, போலியைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. ஐந்து பேர் போனோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அதை அவரிடம் சொல்லப் போனதும் நான்தான். மற்ற நாலு பேரும் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

“கூலி ஏத்துனாங்களா?”

“ஏத்துனாங்கண்ணா.”

“போலிய நிறுத்தறேன்னாங்களா?”

நான் தெருமுனையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

“அப்ப உங்களுக்கு வேல இன்னும் ரெண்டு வருஷம்தாம்மா,” என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு வீடாக வேலை நின்றது. என் வீட்டுக்காரர் சென்னையில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். நான் விசைத்தறிக் கூடத்தில் இருக்கிறேன். அங்கே வரும் சேலைகளில் கைத்தறி என்று லேபிள் ஒட்டுவதும் என் வேலைதான்.

போன தை மாதம் பெரணமல்லூரில், மனைவி வீட்டில், அவர் செத்துப்போனார். அவரை வெளியே நிறுத்தச் சொன்ன அதே வியாபாரிகள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர் வைத்தார்கள், நெசவாளர்களின் காவலர் என்று. நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டார்.

“அவரு உங்கள ஒரு வார்த்த திட்டினதில்ல,” என்றார். “நான்தான் திட்டிகினு இருக்கேன்.”

மாலையை அண்ணா காலடியில் வைத்தேன். எடுக்கும்வரை இருக்க லீவு கிடைக்கவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.