பாலுவை யார் இறக்குவது

மந்தைவெளியின் அந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. கட்டியவர்களுக்கு அது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் இந்நேரம் பழுதாகித்தான் கிடந்திருக்கும். மூன்றாவது மாடியில் குடியிருந்த துரைராஜ் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை, தம்பி பாலுவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரிக்கும் வரை.

சர்க்கரை நோயில் பாலுவுக்கு ஏற்கெனவே ஒரு கால் போயிருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். துரைராஜ் தன் மனைவி செண்பகத்தின் பழைய நூல் புடவையால் தம்பியை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்குவான், தன் ஆட்டோவிலேயே கொண்டுபோவான், திரும்ப அதேபோல் ஏற்றுவான். ஏற்றுவதுதான் பாடு. இரண்டாவது மாடித் திருப்பத்தில், மீட்டர் பெட்டிகளுக்கு எதிரே நின்று மூச்சு வாங்குவான். பாலு முதுகில் இருந்தபடியே நக்கலடிப்பான்.

"இன்னா நைனா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

"மூடிக்கினு உட்காரு. ஓசி சவாரில பேச்சு வேற."

துரைராஜ் யோக்கியன் என்று மந்தைவெளியில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இருபது வயதில் ஏரியாவின் பெரிய கை ஒருவனுக்கு வாலாகத் திரிந்தான். அடிதடி வழக்குகள் வாங்கினான். புழல் சிறைச் சாப்பாடும் சாப்பிட்டான். பாலு படுக்கையில் விழுந்த பிறகு அந்தச் சகவாசம் மொத்தத்தையும் தலைமுழுகிவிட்டு லஸ் பக்கம் ஸ்டாண்டில் ஆட்டோ போட்டான். கடைசியாக அவன் கை நீட்டியது அந்த ஸ்டாண்டில்தான். வரிசையில் முந்தினான் என்று சேட்டு என்பவனின் பல்லை உடைத்தான், அது வழக்கானது. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. அந்தச் சேட்டுவே அதே ஸ்டாண்டில் அவனோடு டீ குடிக்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

ஆனால் போலீஸின் ரவுடி லிஸ்டில் ஒருதரம் ஏறிய பெயர் லேசில் இறங்காது. தேர்தல் வந்தால், பிள்ளையார் ஊர்வலம் வந்தால், மந்திரி வந்தால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்புவார்கள். போய் நிற்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள், ரைட்டர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். லிஸ்டில் இருக்கிற எவனும் எதில் போடுகிறோம் என்று பார்க்க மாட்டான். படித்துப் பார்த்தால் ரைட்டருக்குக் கோபம் வரும், அன்றைய பிழைப்பும் போகும்.

அப்படித்தான் பங்குனித் தேர் சமயத்தில் துரைராஜ் ஒரு கையெழுத்துப் போட்டான். வெளியே ஆட்டோவில் பாலு காத்துக்கொண்டிருந்தான், ஆஸ்பத்திரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கையில் கொடுத்த தாளை நாலாக மடித்து சீட்டுக்கு அடியில் செருகினான். அதன்மேல் பாலுவின் மாத்திரைப் பையை வைத்தான்.

கோடை முடிவதற்குள் நகரத்தின் வேறொரு மூலையில் நடுரோட்டில் ஒரு கொலை விழுந்தது. டிவிக்காரர்கள் கத்தினார்கள். ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டுமே, பழைய பெயர்களையெல்லாம் தூசி தட்டினார்கள். துரைராஜுக்கும் உத்தரவு வந்தது. ஒரு வருஷத்துக்குச் சென்னைக்குள் காலடி வைக்கக் கூடாது.

"சார், கடைசி கேஸ் ஆயி மூணு வருஷம் ஆவுது. அந்த சேட்டு இப்போ என் தோஸ்து சார். என் தம்பிக்கு நான் இல்லாங்காட்டி ஆளு கெடையாது," என்றான் இன்ஸ்பெக்டரிடம்.

"இதை நோட்டீஸுக்குப் பதிலா எழுதிக் குடுத்திருக்கணும்."

"இன்னா நோட்டீசு?"

இன்ஸ்பெக்டர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். உன்னை ஏன் வெளியேற்றக் கூடாது என்று கேட்ட கேள்விக்குக் கீழே, பங்குனித் தேர் சமயத்தில் போட்ட அவன் கையெழுத்து இருந்தது. பதில் வராததால் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். துரைராஜுக்கு அங்கேயே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மதுராந்தகத்தில் செண்பகத்தின் அக்கா வீட்டுக்குப் போனான். பாலுவையும் அழைத்துக்கொள்ள விசாரித்தான். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு ஏற்கெனவே ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். அதனால் ஃபோனில் அவனுடைய முதல் கேள்வி தினமும் ஒன்றுதான்: "இன்னைக்கு யாரு இறக்குனது?"

முதலில் சேட்டு இறக்கினான். பல்லை உடைத்தவனின் தம்பியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கீழ்வீட்டுப் பையன்களோடு சேர்ந்து தூக்கினான். அவனுக்கும் சவாரி இருக்கிறது, பையன்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு நாள் ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் ஒரு முறை தவறியது. பாலுவின் முகம் வீங்க ஆரம்பித்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லணா. நீ பாட்டுக்கு உள்ள வந்து மாட்டிக்காத," என்றான் பாலு ஃபோனில். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு இரைத்தது.

செண்பகம் ஷாகிரா என்ற வக்கீலைப் பிடித்தாள். உத்தரவை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார்கள்.

"போலீஸ் மூணு வருஷம் தூங்கிட்டு திடீர்னு எழுந்து வெளியே போன்னா கோர்ட் ஒத்துக்காதும்மா. இது வரப்போற குத்தத்தைத் தடுக்கிற உத்தரவு, பழைய குத்தத்துக்குத் தண்டனை இல்லை. நிச்சயம் நிக்காது," என்றார் ஷாகிரா.

நிற்காதுதான். ஆனால் விழுவதற்கும் ஒரு தேதி வேண்டுமே. முதல் தடவை அரசுத் தரப்பு பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டது. அடுத்த தடவை பதில் தயாராகவில்லை. அதற்கடுத்த தடவை மனு பட்டியலில் கடைசியில் இருந்தது, கோர்ட் கலையும்வரை முறை வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் செண்பகம் வாசலில் நின்று ஃபோன் செய்தாள், ஒவ்வொரு தடவையும் துரைராஜ் சரி என்றான்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன் காத்திருக்கவில்லை. விடியற்காலை பஸ் பிடித்து வந்து, துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு மாடியேறினான். பாலு திட்டினான். திட்டிக்கொண்டே கைகளை அண்ணன் கழுத்தில் போட்டுக்கொண்டான். துரைராஜ் புடவை முடிச்சை இறுக்கினான். தம்பியின் உடம்பு நீர் கோத்துக் கனத்திருந்தது. கீழே இறக்கி, தன் ஆட்டோவில் உட்காரவைத்துக் கிளம்பினான்.

லஸ் முனையில் வாகனச் சோதனை. பத்து வருஷமாக அவன் சவாரி பிடித்த இடம், அங்கே அவனைத் தெரியாத போலீஸ்காரர் கிடையாது.

"துண்டை எட்றா. நீ ஊர்லதான் கீறியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இவன மட்டும் ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்துடறேன் சார். நீங்களும் கூட வாங்க. எங்கயும் ஓட மாட்டேன்."

அவர் மனசில்லாத ஆள் இல்லை. ஒரு கான்ஸ்டபிளை விட்டு பாலுவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். துரைராஜை ஜீப்பில் ஏற்றினார். உத்தரவை மீறியதற்கு மறுபடி புழல்.

சிறையில் இருக்கும்போது சேதி வந்தது. ஆள் கிடைக்காமல் மேலும் இரண்டு முறை தவறிப்போயிருந்தது. நுரையீரலில் நீர் ஏறி, ஆம்புலன்ஸ்காரர்கள் படியேறி வருவதற்குள் பாலு போய்விட்டான்.

உயிரோடிருந்த தம்பியைப் பார்க்கக் கிடைக்காத அனுமதி, செத்த தம்பியைப் பார்க்க ஒரே மத்தியானத்தில் கிடைத்தது. துரைராஜ் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கினான். கீழே சவ வண்டி நின்றது. சாவு மேளம் அடிப்பவர்கள் அவனைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்கள். மேலேயிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்கிய ஆட்கள் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டிருந்தார்கள். குறுகலான இடம், அது வளையவில்லை.

"வுடுங்க, நான் தூக்கறேன்," என்றான் துரைராஜ்.

இந்த முறை முதுகில் கட்ட முடியவில்லை. இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு இறங்கினான். மீட்டர் பெட்டிகளுக்கு எதிரே வந்ததும் கால் தானாக நின்றது. பின்னால் வந்த போலீஸ்காரர், "டைம் ஆவுதுப்பா," என்றார். சேட்டு அந்த ஆளை முறைத்தான்.

மழைக்காலத்தில் தீர்ப்பு வந்தது. துரைராஜ் ஜாமீனில் வெளியே வந்து மறுபடி மதுராந்தகத்தில் இருந்தான். ஷாகிரா ஃபோனில் சொன்னார். கடைசிச் சம்பவத்துக்கும் உத்தரவுக்கும் நடுவே இவ்வளவு காலம் ஏன் என்று போலீஸ் விளக்கவே இல்லை, இப்படித் தாமதமாகப் போட்ட உத்தரவு ஒரு மனிதனின் வாழ்க்கையோடு விளையாடுவது, ஆகவே ரத்து.

"ஜெயிச்சிட்டோம் துரைராஜ். மீறினதுக்குப் போட்ட கேஸையும் இதை வெச்சு உடைச்சிடலாம்."

"ரொம்ப நன்றி மேடம்," என்றான். அந்தம்மா மேல் அவனுக்குக் கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று யோசித்துப் பார்த்தான். ரைட்டர், இன்ஸ்பெக்டர் என்று மனசில் வந்த முகங்களுக்கு நடுவே, படிக்காமல் கையெழுத்துப் போட்ட தன் முகமும் இருந்தது.

அன்று சாயங்காலமே மந்தைவெளிக்கு வந்தான். செண்பகம் மாடி வாசலில் நின்றிருந்தாள்.

"கோர்ட்ல இன்னாதான் சொன்னாங்க?" என்று மேலிருந்தே கேட்டாள்.

"போலீசு லேட் பண்ணிட்டாங்களாம்."

துரைராஜ் மூன்று மாடியையும் எங்கும் நிற்காமல் ஏறினான். மூச்சே வாங்கவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.